கல்லூரி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது எப்படி: தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரப்போகும் மாணவருக்கும், அவருக்காக அலையப்போகும் அப்பா, அம்மா, அக்கா, அண்ணனுக்கும் இதை எழுதுகிறேன். நான் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என் தம்பி. அவனுடைய உதவித்தொகை வேலைகள் முழுவதும் என் பொறுப்பில் வந்தன. எந்தத் தளம் அரசுடையது, எந்தச் சான்றிதழை முதலில் வாங்க வேண்டும், அனுமதியான பணம் ஏன் கைக்கு வரவில்லை என்று கேட்டால் சொல்வதற்கு அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவன் படிப்பு முடிவதற்குள் எல்லாமே தெரிந்துவிட்டது. உங்களுக்கு அது முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

உதவித்தொகைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமான வேலை இல்லை. பெயர் பொருந்தாததாலும், வங்கிக் கணக்கு சரியில்லாததாலும், கல்லூரி உரிய நாளுக்குள் சரிபார்க்காததாலும்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. அதனால்தான் தளங்களைப் பற்றிய பேச்சு இந்தக் கட்டுரையில் நான்காவது படியில் வருகிறது. முதல் மூன்று படிகளையும் மே மாதத்திலேயே, தேர்வு முடிவு வந்த கையோடு முடித்துவிடுங்கள்.

1. ஆதாரும் மதிப்பெண் சான்றிதழும் ஒரே பெயரைச் சொல்கின்றனவா?

ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் மேசைமேல் வரிசையாக வையுங்கள். மாணவரின் பெயரை ஒவ்வொன்றிலும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் ஊரில் தொல்லை தருவது இனிஷியல்தான். ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயரே ஒட்டியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் ‘எச்’ கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். நமக்கு அது ஒரே பெயர். கணினிக்கு அது இரண்டு ஆட்கள்.

திருத்த வேண்டியிருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது நீண்ட கதை. அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். ஆகவே சேவை மையத்தில் ஊழியர் தட்டச்சு செய்ததை, ஒப்புகைச் சீட்டு அச்சாவதற்கு முன்பே திரையில் பார்த்துச் சரியென்று சொல்லுங்கள். 2025 அக்டோபர் முதல் பெயர், முகவரி போன்ற விவரங்களைத் திருத்தக் கட்டணம் 75 ரூபாய்.

இதே வேளையில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஆதாரில் பதிந்திருக்கும் கைப்பேசி எண் இன்றும் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இனி ஒவ்வொரு தளமும் ஓ.டி.பி.யை அந்த எண்ணுக்குத்தான் அனுப்பும். அடுத்து, 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைச் செய்தாகிவிட்டதா? 17 வயதுக்குள் செய்தால் அதற்குக் கட்டணம் இல்லை. குழந்தைப் பருவப் படத்தோடு இருக்கும் ஆதாரை வைத்துக்கொண்டு முக அடையாளச் சரிபார்ப்புக்குப் போனால் கேமரா முன்னால் எத்தனை முறை நின்றாலும் வேலை ஆகாது.

2. வங்கிக் கணக்கு: பணம் நின்றுபோகும் இடம்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். இப்போது அரசு உதவித்தொகைகள் பெரும்பாலும் ஆதார் எண்ணின் வழியாகவே அனுப்பப்படுகின்றன. நீங்கள் விண்ணப்பத்தில் எழுதும் கணக்கு எண் எதுவாக இருந்தாலும், உங்கள் ஆதார் எண் நேரடிப் பயன் பரிமாற்றத்துக்காக (டி.பி.டி.) எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போய்ச் சேரும். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் அப்படி ஒரே ஒரு கணக்குதான் இருக்க முடியும். கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதுவே செல்லும்.

என் தம்பிக்கு இதுதான் நேர்ந்தது. தொகை அனுப்பப்பட்டுவிட்டதாகத் தளம் காட்டியது. அவன் கையிலிருந்த கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வங்கிக்குப் போனால், “ஆதார் ஏற்கெனவே இணைந்திருக்கிறதே அம்மா, பாருங்கள்” என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். அவர்கள் காட்டியது கணக்குத் திறக்கும்போது அடையாளச் சான்றாக ஆதாரைப் பதிந்த விவரம். அது வேறு. தேசியப் பணப்பட்டுவாடா கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பதிவேட்டில் ‘இந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்த வங்கிக்கு’ என்று குறிக்கப்படுவது வேறு. அவன் பள்ளிக்கூட நாளில், சிறு உதவித்தொகை ஒன்றுக்காக வேறொரு வங்கியில் திறந்த கணக்கு அந்தப் பதிவேட்டில் அப்படியே இருந்தது. பணம் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவுசெலவு இல்லாததால் அந்தக் கணக்கு செயலற்றதாக ஆகிவிட்டிருந்தது. ஆதார், புகைப்படம், கடிதம் கொடுத்து அதை மீண்டும் இயங்க வைத்த பிறகுதான் பணத்தை எடுக்க முடிந்தது. அப்படி இயங்க வைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ‘மை ஆதார்’ தளத்தில் ஓ.டி.பி. மூலம் நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைக் காட்டும் பகுதியைத் திறங்கள். எந்த வங்கி, இணைப்பு செயலில் இருக்கிறதா என்று காட்டும். செலவு எதுவும் இல்லை. அங்கே தெரியும் வங்கியும் நீங்கள் பயன்படுத்தும் வங்கியும் ஒன்றாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வேறாக இருந்தால் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், “இந்தக் கணக்கை டி.பி.டி.க்காக என்.பி.சி.ஐ.யில் இணைத்துத் தாருங்கள்” என்று இதே சொற்களில் கேளுங்கள். ‘ஆதாரை இணையுங்கள்’ என்று மட்டும் சொன்னால் பழைய பதிலே வரும். ஒப்புதல் படிவம் ஒன்று தருவார்கள். நிரப்பிக் கையெழுத்திட்டு, முத்திரை வைத்த நகலைக் கேட்டு வாங்குங்கள். சில நாட்கள் கழித்து மறுபடியும் மை ஆதார் தளத்தில் பாருங்கள். மாறியதைக் கண்ணால் பார்க்கும்வரை வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு மாணவரின் பெயரில்தான் இருக்க வேண்டும். அம்மா, அப்பா கணக்கு உதவாது. முழு ஆவணங்கள் இல்லாமல் திறக்கப்படும் ‘சிறு கணக்கு’ என்றால் ஓராண்டில் மொத்தம் ஒரு லட்சம் ரூபாய்தான் வரவு வைக்கலாம், எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தனியார் உதவித்தொகை பெரிய தொகையாக ஒரே தவணையில் வந்தால் அந்த வரம்பில் முட்டித் திரும்பிவிடக்கூடும். ஆதாரும் பான் அட்டையும் கொடுத்து அதை வழக்கமான சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

3. வருவாய்த் துறைச் சான்றிதழ்கள்

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் நான்கையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். முதல் முறை போகும்போது ‘கேன்’ எண் ஒன்றைப் பதிந்து தருவார்கள்; அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த சான்றிதழ்களுக்கு எல்லா விவரங்களையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கணினி இருந்தால் இ-சேவை தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கவும் முடியும்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கைமாறிப் போகும். மே மாதத்துக்குள் கொடுத்தால் சீக்கிரம் வந்துவிடும். கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலையில் ஊரே வரிசையில் நிற்கும். விண்ணப்பித்த மறுநாளே கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து ரேஷன் அட்டையையும் ஆதாரையும் காட்டிவிட்டு வருவது நல்லது. அவர் கேள்வி கேட்க ஆள் கிடைக்காமல் திருப்பி அனுப்பும் விண்ணப்பங்கள் நிறைய.

வருமானச் சான்றிதழில் எழுதப்படும் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால்தான் உதவித்தொகை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். மாநில அரசின் பல திட்டங்களுக்கு அதுதான் வரம்பு. ஆனால் 4.5 லட்சம் வரை, 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிக்கும் குடும்பங்கள் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அப்பாவழி, அம்மாவழித் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழி தர வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. கலந்தாய்வுக்குப் பதியும்போதே இந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதால் நான்கில் இதற்குத்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும்.

4. எந்தத் தளத்தில் எது இருக்கிறது?

தேடுபொறியில் ‘உதவித்தொகை’ என்று தட்டினால் விளம்பரங்களும் பழைய செய்திகளும் முதலில் வந்து நிற்கும். அவற்றை விட்டுவிட்டு, கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். தமிழ்நாடு அரசுடையது என்றால் ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’. கல்விக் கடன் தளம் போன்ற ஓரிரண்டு விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்கு அமைச்சகத்தின் தளத்திலிருந்து இணைப்பைப் பிடித்து உள்ளே போங்கள்.

முதலில் மாநில அரசு. தமிழ்நாட்டில் உயர்கல்வி மாணவர்களுக்கான பதிவேடு யூ.எம்.ஐ.எஸ். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததுபோல, கல்லூரியில் சேர்ந்ததும் உங்களுக்கு யூ.எம்.ஐ.எஸ். எண் ஒன்று உருவாகும். அதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மாநிலத் திட்டங்கள் இப்போது இந்தத் தளத்தின் வழியே நடக்கின்றன. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்களும் பராமரிப்புப் படியும் இதில் அடங்கும். இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேரடியாக மாணவரின் கணக்குக்கே வருகிறது. அதில் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்திருக்கும். வீட்டில் வேறு அவசரத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டால் பிறகு கல்லூரி கேட்கும்போது திண்டாட நேரிடும். வந்த உடனே கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்கள் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற மூன்றாண்டுப் பட்டம் படித்தால் உதவித்தொகைக்கு வருமான வரம்பே கிடையாது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புக்கு வரம்பு 2.5 லட்சம்.

அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் இன்னும் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது, மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள்: மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. வேறு உதவித்தொகை பெற்றாலும் இதைச் சேர்த்துப் பெறலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பது எமிஸ் பதிவில் சரியாக இருக்கிறதா என்று மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளிலேயே பள்ளியில் பார்த்துவிடுங்கள். பிறகு பள்ளியைத் தேடிப் போவது சிரமம்.

அடுத்தது மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளம், சுருக்கமாக என்.எஸ்.பி. பொதுப் பிரிவினர் உட்பட எல்லோரும் பார்க்க வேண்டியது, கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. பிளஸ் டூ தேர்வில் தங்கள் வாரியத்தில் எண்பதாவது சதமானத்துக்கு மேலே இருப்பவர்கள், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எண்பது மதிப்பெண் சதவீதம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். தங்கள் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் இருபது சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பதே பொருள். பட்டப்படிப்பில் முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000 ரூபாய். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேர் வரை புதிதாகத் தேர்வாகிறார்கள்; பாதி இடங்கள் மாணவிகளுக்கு.

பொறியியல், டிப்ளமோ போன்ற தொழில்நுட்பப் படிப்புகளில், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேரும் மாணவிகள் ‘பிரகதி’ திட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு ‘சக்ஷம்’ என்ற திட்டம் இதே தொகையைத் தருகிறது. பெற்றோரை இழந்தவர்களுக்கு ‘ஸ்வநாத்’ இருக்கிறது. பிரகதி, சக்ஷம் இரண்டுக்கும் முதல் ஆண்டிலேயே, அல்லது நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

பீடித் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர், சினிமாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையும் என்.எஸ்.பி.யில்தான் இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகைக்கு மத்திய சைனிக் வாரியத்தின் தனித்தளம் உண்டு. தொழிற்படிப்பில் மாணவருக்கு மாதம் 2,500, மாணவிக்கு மாதம் 3,000 ரூபாய். அப்பாவோ அம்மாவோ கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு வாரியமும் உதவி தருகிறது. உறுப்பினர் அட்டை நடப்பில் இருக்க வேண்டும். உங்கள் குடும்ப நிலைக்கு வேறு எது பொருந்தும் என்று தெரியாவிட்டால் ‘மை ஸ்கீம்’ என்ற அரசுத் தளத்தில் வயது, மாநிலம், பிரிவு, வருமானம் கொடுத்துத் தேடுங்கள்.

கடைசியாகத் தனியார். ரிலையன்ஸ் அறக்கட்டளை, பட்டப்படிப்பு முதல் ஆண்டு மாணவர்களுக்கு இணையவழித் திறனறித் தேர்வு வைத்துப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வருமானம் 15 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், 2.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. அகரம் அறக்கட்டளை வறுமையான குடும்பங்களிலிருந்து வரும் அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கிறது. வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த தம்பி தங்கை இருந்தால் ‘வித்யாதன்’ உதவித்தொகையையும் பாருங்கள். பிளஸ் ஒன்னில் கிடைத்தால் கல்லூரிவரை தொடர வாய்ப்பிருக்கிறது. தனியார் உதவித்தொகைகளில் போட்டி அதிகம். அரசு விண்ணப்பங்களை முடித்த பிறகு இவற்றுக்கு நேரம் கொடுங்கள்.

5. என்.எஸ்.பி.யில் விண்ணப்பத்தை நிரப்புவது

தளம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் திறக்கும். பல திட்டங்களுக்கு அக்டோபர் இறுதி கடைசி நாளாக இருக்கும். தேதி நீட்டிப்பது வழக்கம்தான், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். கடைசி வாரத்தில் தளம் நகராது.

முதல் வேலை, ஒருமுறைப் பதிவு (ஓ.டி.ஆர்.). ஆதார் ஓ.டி.பி. கொடுத்தால் ஒரு குறிப்பு எண் வரும். அதோடு முடிந்துவிட்டதாகப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்.டி.’, ‘என்.எஸ்.பி. ஓ.டி.ஆர்.’ என்ற இரண்டு செயலிகளையும் நிறுவி, முகச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அப்போதுதான் 14 இலக்க ஓ.டி.ஆர். எண் கிடைக்கும். முதல் செயலி நிறுவிய பிறகு திரையில் தெரியாது. அது பின்னணியில் இயங்குவது, பயப்பட வேண்டாம். பகல் வெளிச்சம் முகத்தில் விழும்படி சன்னலைப் பார்த்து உட்கார்ந்து செய்யுங்கள். பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் செய்தாலும் தடையில்லை. அந்த 14 இலக்க எண் படிப்புக் காலம் முழுவதும் உங்களுடையது. இன்னொரு பதிவு போட முயலாதீர்கள். இரட்டைப் பதிவு என்று இரண்டையும் நிறுத்திவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் வரும். கல்லூரியின் ‘ஐஷே’ குறியீட்டை அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அதை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். தவறான கல்லூரிக்குப் போன விண்ணப்பத்தை உங்கள் கல்லூரியால் பார்க்கவே முடியாது. பதிவேற்றும் ஒவ்வொரு கோப்பும் 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் அளவு குறையும். ஆனால் வட்டாட்சியரின் கையொப்பமும் சான்றிதழ் எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இறுதியாகச் சமர்ப்பித்துவிட்டால் நீங்களாகத் திருத்த முடியாது. அதனால் முன்பார்வைப் பக்கத்தை அச்செடுத்து, வீட்டில் இன்னொருவரைச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றை வாங்கினால் இன்னொன்றை வாங்கக் கூடாது என்ற விதி பல மத்தியத் திட்டங்களில் உண்டு. பிரகதி கிடைக்கக்கூடிய மாணவி 12,000 ரூபாய்த் திட்டத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு நிற்கக் கூடாது. தொகை, எத்தனை ஆண்டு, புதுப்பிக்கும் விதி மூன்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

6. சமர்ப்பித்த பிறகுதான் கவனம் வேண்டும்

உங்கள் விண்ணப்பம் முதலில் கல்லூரியின் பொறுப்பு அலுவலரிடம் போகும். அவர் சரிபார்த்து அனுப்பினால்தான் அடுத்த நிலைக்குச் செல்லும். அவர் ஒரு பேராசிரியர். வகுப்பெடுக்கும் வேலைக்கு நடுவில் இதையும் பார்க்கிறார். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் உங்களுடையது தானாக மேலே வராது. அச்செடுத்த விண்ணப்பம், சேர்க்கைக் கட்டண ரசீது, அங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பாகக் கட்டி நேரில் கொடுங்கள். என்றைக்குச் சரிபார்ப்பார் என்று பணிவாகக் கேட்டுவிட்டு, அந்த நாளில் தளத்தில் நிலையைப் பாருங்கள்.

‘குறைபாடுள்ளது’ என்று திரும்பி வந்தால் அது நிராகரிப்பு இல்லை. காரணத்தைப் படித்து, திருத்தி, மீண்டும் சமர்ப்பிக்கலாம். அதற்கும் தனிக் கடைசி நாள் உண்டு. குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்காமல் வாரம் ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள்.

அனுமதியான பிறகு பணம் எங்கே இருக்கிறது என்பதை அரசின் பொது நிதி மேலாண்மைத் தளமான பி.எஃப்.எம்.எஸ்.ஸில் பார்க்கலாம். அனுப்பியதாகக் காட்டினால், எந்த வங்கிக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது படியில் சொன்னது அப்போது கைகொடுக்கும்.

7. பணம் வரும்வரை கட்டணத்துக்கு என்ன செய்வது?

ஜூலையில் விண்ணப்பித்தால் ஆகஸ்டில் பணம் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். கல்வியாண்டின் கடைசியில் வருவது சாதாரணம், அதையும் தாண்டலாம். முதல் பருவக் கட்டணத்தை வேறு வழியில்தான் கட்ட வேண்டியிருக்கும். சேர்க்கையின்போதே முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, உதவித்தொகை விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டுத் தவணை கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறந்துபோகும். கடிதம் கோப்பில் இருக்கும்.

கந்துவட்டிக்குப் போவதற்கு முன் கல்விக் கடனைப் பாருங்கள். வங்கிகளின் பொதுக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை நம் கையிலிருந்து பங்குத்தொகை போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளில் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அதற்கான வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே வங்கியில் கொடுத்து, பதிந்தார்களா என்று கேளுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் இடம்பெற்ற குறிப்பிட்ட உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறார்கள். தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் பட்டியலில் இருந்தன. 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அது பட்டியலில் இருக்கிறதா என்று தளத்தில் பாருங்கள்.

8. ஏமாற்றுக்காரர்கள்

உங்கள் பிள்ளையின் பெயர், பள்ளி, மதிப்பெண் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, “கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்” என்று அழைப்பு வரும். விவரங்கள் சரியாக இருப்பதால் நம்பிவிடத் தோன்றும். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ, பின் எண் போடவோ, ஓ.டி.பி. சொல்லவோ ஒருபோதும் தேவையில்லை. அவை பணம் கொடுப்பதற்கு மட்டுமே. என்.எஸ்.பி.யிலும் யூ.எம்.ஐ.எஸ்.ஸிலும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ‘பதிவுக் கட்டணம் 499’ என்று கேட்கும் தளத்தை அந்த நிமிடமே மூடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பிருக்கும்.

கணினி மையத்தில் விண்ணப்பித்தால், மைய உரிமையாளரின் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட விடாதீர்கள். மறு ஆண்டு ஓ.டி.பி. அவருக்குப் போகும். கடவுச்சொல்லை நீங்களே அமைத்து, வெளியேறிய பிறகு எழுந்திருங்கள்.

9. ஆண்டுதோறும் புதுப்பித்தல்

பெரும்பாலான உதவித்தொகைகள் தாமாகத் தொடர்வதில்லை. என்.எஸ்.பி.யில் ஒவ்வோர் ஆண்டும் அதே ஓ.டி.ஆர். எண்ணோடு ‘புதுப்பித்தல்’ பகுதியில் விண்ணப்பிக்க வேண்டும். ‘புதிய விண்ணப்பம்’ பகுதிக்குள் போகக் கூடாது. மத்தியத் துறை உதவித்தொகைக்கு ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். மாணவரிடம் இதை முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள். அரியர் விழுந்தால் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அதன் விலை தெரிவதில்லை.

ஓ.டி.ஆர். எண், யூ.எம்.ஐ.எஸ். எண், எமிஸ் எண், கேன் எண், ஒவ்வோர் ஆண்டின் விண்ணப்ப எண், கடவுச்சொற்கள் அனைத்தையும் ஒரே நோட்டில் எழுதி, வீட்டில் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். ஆதாரோடு இணைந்த சிம் கார்டுக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் முடங்கி வேறொருவருக்குப் போய்விட்டால் ஆதார் மையம், வங்கி, கல்லூரி என்று மூன்று இடங்களிலும் முதலிலிருந்து மாற்ற வேண்டிவரும், அதுவும் பெரும்பாலும் புதுப்பிக்கும் கடைசி வாரத்தில்தான் தெரியவரும்.